கன்னத்தில் முட்டும் ஆடுகள்

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயில் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பத்மதீர்த்தக் குளத்தை ஒட்டிய கருவேலப்புரை மாளிகையின் நெற்றியில் ஒரு கடிகாரம் இருக்கும். அதற்கு மேல் தாடி வைத்த ஒரு முகம், முகத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி ஆனதும் முகம் வாயைப் பிளக்கும், கடாக்கள் வந்து இரண்டு கன்னத்திலும் முட்டும். மேத்தன் மணி என்று பெயர். திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில், ஏறக்குறைய 180 ஆண்டுக்கு முன்னால் மாட்டியது. கரண்ட் வேண்டாம், இணையம் வேண்டாம். நேரம் வந்தால் கன்னத்தில் முட்டு, அவ்வளவுதான் அதன் மென்பொருள். இந்த ஊரில் பொறுப்பு என்றால் என்னவென்று தெரிந்த ஒரே இயந்திரம் அதுதான் என்பது என் முடிவு.

மற்றவை எல்லாம் ஸ்மார்ட்.

1990-இலேயே டெக்னோபார்க் கண்ட ஊர் இது. 2017 ஜூனில் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டிகளின் மூன்றாம் சுற்றுப் பட்டியலை வெளியிட்டபோது தலைவரிசையில் நின்ற ஊர். மேன்ஹோலுக்குள் கையை விட்டுச் சாக்கடை அள்ளும் ரோபோவைச் செய்துகாட்டிய ஊர். ஹெல்மெட் போடாதவனைக் கம்பத்தின் உச்சியிலிருந்தே கண்டுபிடிக்க 726 கேமராக்கள், 232 கோடி ரூபாய்த் திட்டம் என்று 2023 ஏப்ரலில் விழா எடுத்த அரசின் தலைநகரம். அறிவுக்கு இங்கே பஞ்சமே இல்லை. வேறு எதற்குப் பஞ்சம் என்பது 2024 ஜூலை 13, சனிக்கிழமை நண்பகல் ஒரு மனிதருக்குத் தெரியவந்தது.

அவருக்கு வயது 59. முதுகுவலி. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ஓ.பி. கட்டடத்துக்கு டாக்டரைப் பார்க்க வந்திருந்தார். இந்த ஆஸ்பத்திரியை நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஜனங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆசாரிபள்ளத்தில் நமக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி வந்து எத்தனையோ வருஷமான பிறகும், நோயாளியின் நிலைமை கையை மீறினால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, “நேரே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு விடு” என்றுதான். அப்படிப்பட்ட ஆஸ்பத்திரியில், ஆயிரக்கணக்கான கால்கள் நடக்கும் ஒரு கட்டடத்தில், அவர் லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. அபாய மணியை அழுத்தினார். உள்ளே எழுதியிருந்த எண்களுக்கு முயன்றார், எடுக்க ஆளில்லை. கைபேசியும் விழுந்து உடைந்தது. கத்தினார், தட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனது, ராத்திரி ஆனது. ஞாயிறு விடிந்து, ஞாயிறு அடைந்தது. வீட்டார் ஊரெல்லாம் தேடிவிட்டு, ஆளைக் காணவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்த ஆபரேட்டர் லிஃப்டைத் திறந்தபோது உள்ளே ஒரு மனிதர் இருந்தார். சோறில்லாமல், தண்ணீரில்லாமல், இருட்டில், 42 மணி நேரம்.

நமக்கெல்லாம் சின்ன வயதில் ஒரு கதை சொல்லித் தந்திருக்கிறார்கள். திருவாரூரில் அரண்மனை வாசலில் ஒரு மணி தொங்கியது. கன்றைப் பறிகொடுத்த பசு வந்து கொம்பால் கயிற்றை இழுத்தது. மனுநீதிச் சோழன் எழுந்து வந்தான். அந்தக் கதையில் எல்லோரும் தேர்க்காலைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு இப்போது ஆச்சரியமாக இருப்பது வேறு. மணி அடித்தபோது யாரோ ஒருவன் அதைக் கேட்டிருக்கிறான்! கயிறு இழுபட்டதும், “மாடுதானே, சும்மா உரசும்” என்று வாயிற்காவலன் திரும்பிப் படுக்கவில்லை. மருத்துவக் கல்லூரியில் பொத்தான் இருந்தது, மணி இருந்தது, தொலைபேசி எண் இருந்தது. மறுமுனை மட்டும் சனிக்கிழமை டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போயிருந்தது.

கேரள அரசு ஊழியர்களின் பஞ்சிங் முறையில் மாதம் 300 நிமிஷம் வரை தாமதம் பொறுக்கப்படும். தலைமைச் செயலகத்தில் 2018 ஜனவரி முதல், பஞ்சிங் பதிவு சம்பளப் பட்டியலோடு கட்டப்பட்டிருக்கிறது. விரல் வைத்த நேரம் நிமிஷக் கணக்கில் தெரியும். இதே கணக்கை அந்த லிஃப்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 42 மணி நேரம் என்பது 2520 நிமிஷம். எட்டு மாதத்துக்கும் மேற்பட்ட சலுகையை ஒரே வாரக் கடைசியில் ஒரு நோயாளி தீர்த்துவிட்டார். ஊழியர் ஐந்து நிமிஷம் பிந்தினால் கணினிக்குத் தெரிகிற காலத்தில், ஒரு மனிதர் 2520 நிமிஷம் இல்லாமல்போனது எந்தக் கணினிக்கும் தெரியவில்லை. அவர் விரல் வைக்கவில்லையே, எப்படித் தெரியும்? அபாய மணியில் வைத்த விரல் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

விசாரணை நடந்தது. நடவடிக்கையும் சுருக்காக வந்தது. இரண்டு லிஃப்ட் ஆபரேட்டர்கள், ஒரு டியூட்டி சார்ஜென்ட், மூன்று பேர் சஸ்பெண்ட். அவர்கள் தப்பே செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. லிஃப்டை நிறுத்திப் பூட்டும் முன் ஒருதரம் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். ஆனால் அந்த மணியைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை யாரையும் நியமிக்காதவர் யார்? எடுக்க ஆளில்லாத எண்ணை லிஃப்டுக்குள் எழுதி வைக்கச் சொன்னவர் யார்? லிஃப்டுகளுக்கு என்றே 2013-இல் தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. உரிமம் உண்டு, ஆய்வு உண்டு, மின் ஆய்வாளர் உண்டு. இத்தனை படிகளையும் தாண்டிப் பழி சர்ரென்று கீழே வந்துவிட்டது. லிஃப்ட்தான் நடுவில் நிற்கும். பழி எந்த மாடியிலும் நிற்காமல் நேராகத் தரைத்தளத்துக்கு வரும்.

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு லிஃப்ட் நின்றது. உள்ளே ஒரு டாக்டரும் ஒரு நோயாளியும். கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். உள்ளே டாக்டர் இருந்ததால் என்று நான் சொல்லமாட்டேன். செவ்வாய்க்கிழமையாக இருந்ததால் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த வளாகத்திலேயே இருக்கிறது ஆர்.சி.சி. என்ற வட்டாரப் புற்றுநோய் மையம். 2021 மே மாதம், அம்மாவைக் கவனித்துக்கொள்ள வந்த 22 வயதுப் பெண் அங்கே ஒரு லிஃப்டுக்குள் கால் வைத்தார். அது பழுதுபார்ப்பில் இருந்த லிஃப்ட். எச்சரிக்கைப் பலகை இல்லை. விழுந்தவர் தலையில் அடிபட்டு அடுத்த மாதம் இறந்துபோனார். ஒரு அட்டை, ஒரு மார்க்கர் பேனா, குறுக்கே ஒரு கயிறு. சாலைக் கடைத்தெருவில் ஐம்பது ரூபாய்க்குள் மூன்றும் முடியும். மூன்று வருஷம் கழித்து, 2024 ஏப்ரல் கடைசியில், இதே மையத்தின் சர்வர்களுக்குள் எங்கிருந்தோ ஒரு கொள்ளைக் கும்பல் கணினி வழியாக நுழைந்து, கதிர்வீச்சுச் சிகிச்சையே தடைப்பட்டது. ஆக, ஆள் விழக்கூடாத பள்ளத்துக்கும் பூட்டில்லை, திருடன் நுழையக்கூடாத கணினிக்கும் பூட்டில்லை. பூட்டு எங்கே இருக்கிறது என்றால், பார்வையாளர் நேரம் முடிந்ததும் வார்டு வாசலில் இருக்கிறது. கையில் கஞ்சித் தூக்கோடு வரும் கிழவியை நிறுத்துவதில் நம் பாதுகாப்பு அமைப்பு இன்றுவரை ஒருதரம்கூடப் பிசகியதில்லை.

அந்தச் சனிக்கிழமையை இன்னும் விடமுடியவில்லை. ஊர் ஏன் லிஃப்டில் மாட்டியவரைக் கவனிக்கவில்லை என்றால், ஊரின் கண் முழுக்கத் தம்பானூரில் இருந்தது. அன்று காலையில்தான், ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு என்ற கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவரை மழைவெள்ளம் சுரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது. மேலே நடைமேடையில் கேமரா, ஸ்கேனர், அறிவிப்புப் பலகை எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. கீழே இறக்குவதற்கு மட்டும் மனித உடம்பு. ரோபோக்கள் வந்தன. மனிதன் இறங்கும் முன் வந்திருக்க வேண்டிய ரோபோ, மனிதன் போன பிறகு தேட வந்தது. குப்பை யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் கரையில் நின்று வழக்காடின. 46 மணி நேரத்துக்குப் பிறகு தகரப்பறம்பு அருகே உடல் தானே மிதந்து வந்தது. ஒரே ஊர், ஒரே வாரக் கடைசி. இரண்டு பேர் கட்டடங்களின் வயிற்றுக்குள் காணாமல்போனார்கள், இரண்டு பேரும் திங்கட்கிழமை காலை கிடைத்தார்கள். ஒருவர் உயிரோடு.

சரி, சாதாரண ஜனங்களின் கட்டடங்கள் அப்படித்தான். அரசாங்கமே குடியிருக்கும் கட்டடம் எப்படி என்று பார்ப்போம்.

2020 ஜூலை 5. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தூதரகப் பார்சலில் வந்த 30 கிலோ தங்கம் பிடிபட்டது. விசாரணைக்கு வந்த என்.ஐ.ஏ., வழக்கில் சிக்கியவர்கள் அங்கே வந்துபோனார்களா என்று பார்க்க, தலைமைச் செயலகத்தின் ஓராண்டு சிசிடிவி பதிவைக் கேட்டது. அதே நாட்களில், மின்னலில் பழுதான சிசிடிவி கருவியை மாற்ற அனுமதித்த ஓர் அரசு உத்தரவு வெளியே வந்தது. எதிர்க்கட்சி குதித்தது. பழுதானது கருவிதான், பதிவுகள் பத்திரம் என்றது அரசு. நம்புவோம். ஆனால் பதிவை எடுத்துத் தர 400 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று அடுத்த விளக்கம் வந்ததே, அதுதான் என்னைக் கவர்ந்தது. டெக்னோபார்க் கட்டி முப்பது வருஷமான ஊர்! கடைசியில் அதிகாரிகளே செயலகத்துக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். வேவு பார்க்க வைத்த கேமரா என்றால் சேமிக்கும் இடம் தாராளமாக இருக்கும். கேட்டால் காட்ட வேண்டிய கேமரா என்றால் உலகத்தில் எந்த டிஸ்க்கும் போதாது. ஆகஸ்ட் 25 அன்று அதே செயலகத்தில், விசாரணையில் அடிபட்டுக்கொண்டிருந்த புரோட்டோகால் பிரிவில் தீப்பிடித்தது. மின்விசிறி என்றது அரசுத் தரப்பு, சதி என்றது எதிர்த்தரப்பு. நான் விசிறியின் பக்கமும் இல்லை, சதியின் பக்கமும் இல்லை. கேமராவை நம்பி வாழும் ஒரு கட்டடத்தில், என்ன நடந்தது என்பதைக் கடைசியில் கட்சிக்காரர்கள்தான் நமக்குச் சொல்லவேண்டியிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இதற்குப் பிறகு செயலகம் பாடம் கற்றது. 2023-இல் கதவுக்குக் கதவு அட்டை காட்டித் திறக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. யார் எப்போது வெளியே டீ குடிக்கப் போகிறார் என்பதை இனி இயந்திரம் எண்ணும் என்றார்கள். சங்கங்கள் சண்டைக்கு நின்றன. கோப்பு எரிந்தது பிரச்சினை, டீ குடித்தது தீர்வு.

அன்றைய ஆளுங்கட்சி அலுவலகத்தின் கதையும் ஒன்று உண்டு. 2022 ஜூன் 30 ராத்திரி ஏ.கே.ஜி. சென்டர் மீது ஸ்கூட்டரில் வந்த ஒருவன் வெடியை வீசிவிட்டுப் போனான். போலீஸ் காவல் இருந்தது, கேமரா இருந்தது. ஸ்கூட்டர் தெரிந்தது, நம்பர் தெரியவில்லை. ஒருவரைக் கைது செய்ய செப்டம்பர் ஆனது. ஹெல்மெட் இல்லாத அப்பாவியின் நம்பர் எவ்வளவு துல்லியமாக விழும் என்பது நோட்டீஸ் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

தும்பாவில் அரசு மருந்துக் கிடங்கு 2023 மே மாதம் எரிந்தது, அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர்விட்டார். அந்தக் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை என்று துறையின் தலைவரே பிறகு சொன்னார். இதைப் பற்றி அங்கதம் எழுத எனக்குக் கை வரவில்லை. தாண்டிப் போகிறேன்.

இந்தக் கோபத்தோடு இருக்கும்போதுதான், கட்டட நிர்வாகத்துக்கு ஸ்மார்ட் தீர்வு விற்கும் ஒரு கம்பெனியின் விளக்கக் கூட்டத்துக்கு எங்கள் குடியிருப்புச் சங்கம் என்னை அனுப்பியது. பெரிய திரை. திரையில் எங்கள் கட்டடம் மாதிரியே ஒரு கட்டடம் கண்ணாடியாய் நின்றது. எந்த அறையில் விளக்கு எரிகிறது, எந்தத் தொட்டியில் எத்தனை லிட்டர், எந்த வேலைக்காரம்மா எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எல்லாம் தெரிந்தது. கோட்டுப் போட்ட பையன் அழகாகப் பேசினான். நான் கை தூக்கினேன்.

“தம்பி, லிஃப்டில் ஒருத்தர் மாட்டிக்கிட்டு மணி அடிச்சா என்ன ஆகும்?”

“சிஸ்டத்துல ஒரு டிக்கெட் ரெய்ஸ் ஆகும் சார்.”

“ஆனதும்?”

“குறிப்பிட்ட நேரத்துல யாரும் பார்க்கலேன்னா எஸ்கலேட் ஆகும் சார்.”

“எங்கே?”

“அடுத்த லெவலுக்கு.”

“அங்கேயும் பார்க்கலேன்னா?”

“அதுக்கும் அடுத்த லெவல் இருக்கு சார்.”

உள்ளே இருக்கிற ஆளைத் தவிர மற்ற எல்லாம் மேலே போகிறது. நல்ல லிஃப்ட். கூட்டம் முடிந்ததும் பிரியாணி போட்டார்கள். சங்கம் அந்த ஆப்பை வாங்கியும்விட்டது.

வாங்கிய ஒரு மாதத்தில் நான் சோதித்துப் பார்த்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு லிஃப்டுக்குள் நின்று அபாய மணியை அழுத்தினேன். கீழே வந்து செக்யூரிட்டியிடம் கேட்டேன். பாறசாலைக்காரர், ரிட்டயர்டு பட்டாளத்தான், தமிழும் பேசுவார்.

“சேட்டா, மணி கேட்டுதா?”

“கேட்டது சாரே. பிள்ளைங்க விளையாடுதுன்னு நெனச்சேன்.”

“வந்து பார்க்க வேண்டாமா?”

“கேட்டை விட்டு நகரக்கூடாதுன்னு அந்த ஆப்புல இருக்கு சாரே. நகர்ந்தா சம்பளம் போகும்.”

பன்னிரண்டு மணி நேர டியூட்டி அவருக்கு. முன்பு ராத்திரிக்கு இரண்டு பேர் இருந்தார்கள், ஆப் வந்ததும் ஒருவரைக் குறைத்துவிட்டோம். நானும் கையெழுத்துப் போட்டேன், பராமரிப்புத் தொகை மாதம் இருநூறு ரூபாய் குறைந்ததால். எல்லா இடத்திலும் சூட்சுமம் இதுதான் ஐயா. கேமராவுக்கு டெண்டர் உண்டு, பில் உண்டு, திறப்பு விழா உண்டு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மணியைக் கேட்க ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டால் எந்த மந்திரி வந்து ரிப்பன் வெட்டுவார்? அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் வேறு கொடுத்துத் தொலைக்க வேண்டும். ஆகவே காதை விற்றுக் கண் வாங்குகிறோம். கண்ணைப் பார்க்கவும் ஆளில்லை என்பது திங்கட்கிழமை காலையில்தான் தெரியும்.

2025 ஜூலையில் பத்மநாபசுவாமி கோயிலுக்குள் ஒருவர் கேமரா வைத்த ஸ்மார்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு போனார். ஒரு லட்சம் கோடி என்று உலகம் மதிப்பிட்ட பொக்கிஷம் இருக்கும் கோயில், வாசலில் மெட்டல் டிடெக்டர், உள்ளே கேமராக்கள். அவரைப் பிடித்தது எது தெரியுமா? கண்ணாடியில் ஏதோ மின்னுகிறதே என்று கவனித்த ஒரு காவலரின் கண். ஸ்மார்ட் கண்ணாடியை வெறுங்கண் பிடித்தது. அந்தக் காவலருக்கு விழா எடுத்ததாகச் செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆகையால் அரசுக்கு ஒரு டெண்டர் வாசகம் எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியின், செயலகத்தின், ரயில் நிலையத்தின் நிர்வாக அறையிலும் மேத்தன் மணி மாதிரி ஒரு ஜோடி ஆட்டுக்கடா பொருத்தப்படும். லிஃப்டிலிருந்து மணி அடித்து ஐந்து நிமிஷத்துக்குள் யாரும் போகாவிட்டால் கடாக்கள் முட்டும். கன்னத்துக்கான தகுதி: ஆபரேட்டரின் கன்னம் ஏற்கப்படாது, சார்ஜென்டின் கன்னம் ஏற்கப்படாது, வாசல் செக்யூரிட்டியின் கன்னம் ஏற்கவே படாது. ஆள் குறைப்புக் கோப்பில் கையெழுத்துப் போட்ட கன்னமாக இருக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஒரு முட்டு எனக்கும் உண்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அது வரும்வரை, விடியற்காலை பஸ் பிடித்து ஓ.பி. சீட்டுக்கு வரும் நம்மூர் ஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள். லிஃப்டில் ஏறும் முன் வாசலில் நின்றபடியே, உள்ளே எழுதியிருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். யாராவது எடுத்தால் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு ஏறுங்கள். எடுக்காவிட்டால் பக்கத்தில் படி இருக்கிறது. முதுகுவலிக்காரர்களுக்கு அது சிரமம்தான்.